இரண்டு கை நீளத்துக்கு அப்பால்

லோகநாதன் வாய்வரைக்கும் கொண்டுபோன டம்ளரை அப்படியே நிறுத்தி, பூவாத்தாளை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னக்கா, சக்கரை போட மறந்துட்டீங்களா?"

"மறக்கலீங்க தம்பி. இருநூத்தி எம்பதுன்னா சும்மாவா? இனி இப்படியே குடிச்சுப் பழகிக்குங்க. நாலு நாள் ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் அதுவே ருசியாப் போயிரும்."

அவன் டம்ளரை மேசைமேல் வைத்தான். முகத்தில் சிரிப்பில்லை.

"இருநூத்தி எம்பதுன்னு உங்களுக்கு யாரு சொன்னது?"

"இதென்னங்க கேள்வி, நீங்கதான் சொன்னீங்க. இப்பத்தானே அந்த ஜன்னலோரமா நின்னு முரளித் தம்பிகிட்ட..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். அவன் முகம் போன போக்கு அப்படி. ஜன்னல் இருப்பது ஹாலின் கிழக்குக் கோடியில். அவன் அங்கே நின்று பேசியபோது பூவாத்தாள் டீ வண்டியோடு மேற்குக் கோடியில், லிஃப்ட் வாசலில் நின்றிருந்தாள். நடுவே அறுபது அடி தூரம், பன்னிரண்டு வரிசை மேசைகள். அது போதாதென்று மேலே போர்வை வேறு.

"நீங்க லிஃப்ட்கிட்ட இல்ல நின்னீங்க?" என்றான் லோகநாதன் மெதுவாக.

பூவாத்தாள் வாயில் முதலில் வந்த பொய்யைச் சொன்னாள். "உங்க மேசையத் தொடைக்கறப்ப லேப் காகிதம் கண்ணுல பட்டுச்சுங்க. கோவிச்சுக்காதீங்க தம்பி."

"அட, அதானா! ஒரு நிமிஷம் போர்வைதான் கிழிஞ்சுபோச்சோன்னு நெஞ்சு பக்குனு ஆயிருச்சுக்கா." அவன் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தான். "கருமம். இதைக் குடிக்கறதுக்கு மாத்திரையே மேல்."

பூவாத்தாள் சிரித்துக்கொண்டே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். அடுத்த மேசையில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காமல் டீ ஊற்றினாள்.

போர்வை என்று அவர்கள் சொன்னது நீங்கள் குளிருக்குப் போர்த்துகிற துணியை அல்ல. அதையும் சொல்லிவிடுகிறேன், கேளுங்கள்.

அவிநாசி சாலையில் நீலம்பூரைத் தாண்டி ஒரு கட்டடத்தின் நாலாவது மாடியில் அந்த அலுவலகம் இருந்தது. மருத்துவக் காப்பீடு எடுத்தவர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை. நூற்றிருபது பேர் ஒரே ஹாலில் உட்கார்ந்து, ஊரில் உள்ள நோய் நொடியையெல்லாம் வாய்விட்டுப் படித்துச் சொல்வார்கள். ஒருநாள் மூட்டு ஆபரேஷனுக்காகப் பேசிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவருக்கு, பக்கத்து மேசையில் ஒரு பெண்ணின் பெயரையும் அவளுக்கிருந்த நோயையும் படித்தது போன் வழியாகத் தெளிவாகக் கேட்டுவிட்டது. அந்தப் பெண் அவர் குடியிருந்த தெருக்காரி. நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றுபோயிற்று. கோர்ட்டு, வழக்கு, செய்தி என்று பெயர் நாறிய பிறகு, தலைமை அலுவலகம் ஒலிப்போர்வையை வாங்கிப் போட்டது.

அதைப் பொருத்த வந்தவள் ஹெப்சி. நாகர்கோவில்காரி. இரண்டு பேரை வைத்துக்கொண்டு சின்னதாகச் சொந்தக் கம்பெனி நடத்துகிறவள். கூரையில் இட்லித்தட்டுக் குழி அளவுக்கு வட்ட வட்டமாக டப்பிகளைப் பதித்துவிட்டு, மூன்று வாரம் அங்கேயே கிடந்து அவற்றைச் சரிபார்த்தாள். சாப்பிடுகிற நேரத்துக்குப் பூவாத்தாளின் டீ அறைதான் அவளுக்கு வீடு.

"ஏங்கண்ணு, மறைக்கறதுக்குச் சத்தம் வேணும்னா ஃபேன் சத்தம் பத்தாதா?" என்று பூவாத்தாள் ஒருநாள் கேட்டாள்.

"பத்தாதுக்கா. ஃபேன் சத்தத்துக்குள்ளாற இருந்தும் மனுஷன் பேச்சைக் காது எப்படியும் தேடி எடுத்திடும். ஒருத்தர் குரலை மறைக்கணும்னா அவங்க குரல்தான் சரி. நீங்க பேசுறதையே அந்த டப்பி வாங்கி, அரிசியைக் குருணையா ஒடைக்கிற மாதிரி ஒடைச்சு, ரெண்டு கை நீளத்துக்கு அப்பால தூவி விட்டுரும். பக்கத்துல நிக்கவங்களுக்கு நல்லாக் கேக்கும். அதைத் தாண்டினா, யாரோ என்னமோ பேசுதாங்கன்னு மட்டும்தான் தெரியும். ஒரு வார்த்தை கூடப் பிடிபடாது."

"எங்க குரலையெல்லாம் அதுக்குள்ள சேத்து வச்சுக்குமா?"

"அரை நொடி. அதுக்கு மேல அதுக்கு ஞாபகமே கிடையாது. நானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்."

"எனக்குப் போர்வையைப் போட்டாலும் ஒண்ணுதான், எடுத்தாலும் ஒண்ணுதான்" என்று பூவாத்தாள் தன் இடது காதைத் தட்டிக் காட்டிச் சிரித்தாள். ஹெப்சியும் சிரித்தாள். காது மந்தமான பொம்பளை, அவளுக்கு எல்லாம் ஒன்றுதானே என்று ஹெப்சி எண்ணிக்கொண்டாள். பூவாத்தாளும் அதற்கு மேல் ஒன்றும் நினைத்துச் சொல்லவில்லை.

பூவாத்தாளின் இடது காதைத் தின்றது விசைத்தறி. சாமளாபுரத்துப் பக்கம் ஒரு தறிக்குடோனில் இருபத்திநாலு வருஷம் தறி ஓட்டினாள். நாற்பது தறி ஓடுகிற குடோனுக்குள் நீங்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் உங்களுக்கே கேட்காது. ஆனால் அங்கே யாரும் பேசாமல் இருந்ததில்லை. பாவு நூல் அறுந்ததிலிருந்து பக்கத்து வீட்டுச் சண்டை வரைக்கும் எல்லாவற்றையும் வாயசைவிலேயே பேசித் தீர்த்தார்கள். ஒருத்தி அந்தக் கோடியில் நின்று கதை சொல்ல, இந்தக் கோடியில் இருப்பவள் வயிறு குலுங்கச் சிரிப்பாள். சிரிப்புச் சத்தமும் கேட்காது. வலது காதும் பாதியாகி, பஞ்சுத்தூசி நெஞ்சில் கட்டிக்கொண்டு இருமல் விடாமல் போனபோது, இனி தறிப்பக்கம் வந்தால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்யாணம் கூடிவராமல் தனியாகவே இருந்துவிட்டவள். ஐம்பது வயதுக்கு மேல் டீ வண்டி தள்ள வந்தாள்.

வெளியே வந்த பிறகும் அவள் ஜனங்களின் பேச்சைப் பாதி கண்ணால்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். அதை ஒரு திறமை என்று அவள் நினைத்ததே இல்லை. கண் இருக்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் கேட்கிறார்கள் என்று நினைத்திருந்தாள். போர்வை போட்ட புதிதில் "ஒண்ணும் புரியலையே, தண்ணிக்குள்ள முங்கின மாதிரி இருக்கே" என்று ஹாலில் எல்லாரும் புலம்பியபோதும், பிள்ளைகளுக்கு அந்த இரைச்சல் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றே எண்ணிக்கொண்டாள். லோகநாதன் டம்ளரைக் கீழே வைத்த அன்றைக்குத்தான் அவளுக்கு விளங்கியது. இந்த நூற்றிருபது பேரும் கதவைச் சாத்திக்கொண்ட நினைப்பில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சாத்திய கதவுக்கு உட்பக்கமாகவே அவள் நின்றுகொண்டிருக்கிறாள்.

போர்வை வந்த பிறகு அவர்கள் பேச்சும் மாறித்தான் போயிருந்தது. முன்னெல்லாம் மாடிப்படியில் போய்க் குசுகுசுத்ததை இப்போது இருந்த இடத்திலிருந்தே பேசினார்கள். வீட்டுக்காரன் கை ஓங்கியதை ஒருத்தி தோழியிடம் சொல்லுவாள். அப்பனுக்கு வந்திருப்பது கேன்சர் என்று அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு பையன் போனில் அண்ணனிடம் கேட்பான். ஒரு பெண் சாயங்காலம் நாலு மணிக்குத் தவறாமல் யாரையோ கூப்பிட்டு, "நான் உன்னை மறந்துட்டேன், நீ இனிமே பேசாதே" என்று சொல்லிவிட்டு மறுநாளும் கூப்பிடுவாள்.

பார்க்கக்கூடாது என்று பூவாத்தாள் தலையைக் குனிந்துகொண்டு வண்டி தள்ளிப் பார்த்தாள். மூன்றாம் நாள் ஒரு பெண்ணின் காலில் கொதிக்கிற டீயை ஊற்றிவிட்டாள். சுவரைப் பார்த்து நடந்தால் ஆள்மேல் இடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு டீ ஊற்ற முடியுமா? பிறகு விட்டுவிட்டாள். பார்த்ததை வெளியில் விடாமல் இருந்தால் போதும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்பன் நோயாளியான பையனுக்கு ரெண்டு பிஸ்கெட் கூடுதலாக வைத்தாள். நாலு மணிக்காரி போனைக் கீழே வைக்கிற நேரத்துக்குச் சரியாக இஞ்சி டீயோடு போய் நின்றாள்.

"பூவாத்தாக்கா மனசைப் படிச்சிருவாங்கப்பா" என்று ஹாலில் பேசிக்கொண்டார்கள். அந்தப் புகழ்ச்சி அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

இப்படிப் பத்து மாசம் ஓடிற்று.

ஹாலின் நட்ட நடுவில் நாலு பக்கமும் கண்ணாடி வைத்த அறை ஒன்று உண்டு. கிளைத் தலைவர் சபாபதி உட்காருகிற அறை. நாலு பக்கத்து ஆட்களும் அவர் பார்வையில் இருக்கட்டும் என்று கட்டியது. பிள்ளைகள் அதை மீன்தொட்டி என்பார்கள். உள்ளே பேசுவது ஒரு பொட்டும் வெளியே வராது, வெளியே இருக்கிற இரைச்சல் ஒரு பொட்டும் உள்ளே போகாது.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணி டீக்கு, பூவாத்தாள் நாலாவது வரிசையில் மோனிஷாவுக்கு ஊற்றிக்கொண்டிருந்தாள். மோனிஷாவுக்கு ஏழு மாசம். தலைப்பிள்ளை. டீயை அரை டம்ளராகக் குறைத்துவிட்டு, "மீதி அரையைப் பாப்பா வந்து குடிக்கும்" என்பாள். வாய்த்துடுக்கும் சிரிப்புமான பெண். கண்ணாடிக்குள் சபாபதி திரையைப் பார்த்துத் தலைமை அலுவலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். அவர் முகம் இந்தப் பக்கம் இருந்தது.

"இருபத்திநாலு பேர். யார் யாருன்னு மனசுல முடிவு பண்ணிட்டேன் சார். மோனிஷாவை மட்டும் முதல்ல முடிச்சிடலாம். லீவுக்கு எழுதிக் குடுத்துட்டா அப்புறம் கையே வைக்க முடியாது. தானா விலகிக்கறேன்னு நாளைக்கே லெட்டர் வாங்கிடறேன்."

டம்ளர் நிறைந்து வழிந்தது.

"அக்கா! அரைன்னு சொன்னேன், நீங்க ரெட்டைப் பிள்ளைக்கு ஊத்தறீங்க!" என்று மோனிஷா சிரித்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் கை கழுவுமிடத்தில் பூவாத்தாள் அவளைத் தனியாகப் பிடித்தாள்.

"அம்மிணி, நாளைக்குச் சார் கூப்பிட்டு ஒரு காகிதம் நீட்டுவாரு. வேலையை நானே விட்டுக்கறேன்னு எழுதியிருக்கும். என்ன சொன்னாலும் கையெழுத்து மட்டும் போட்டுராதே. இருபத்திநாலு பேத்துக்கு நாள் குறிச்சிருக்காங்க. உன்னையத்தான் மொதல்ல கூப்பிடுவாங்க. இன்னைக்கே லீவுக்கு எழுதிக் குடுத்துரு."

மோனிஷா குழாயை மூடிவிட்டு நிமிர்ந்தாள். "உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"அதைக் கேக்காதே. நான் சொன்னதாவும் சொல்லாதே."

அந்தப் பெண் அவள் பெயரைக் காப்பாற்றத்தான் செய்தாள். அன்றைக்கே லீவுக்கு எழுதிக் கொடுத்தாள். மறுநாள் மீன்தொட்டிக்குள் காகிதம் நீட்டப்பட்டபோது பேனாவைத் தொடவில்லை. அதோடு எழுந்து வந்திருக்கலாம். கோபத்தில் வாய் முந்திக்கொண்டது.

"இருபத்திநாலு பேர்ல நான் மட்டும் எதுக்கு சார் தானா போகணும்?"

அந்த எண்ணிக்கை சபாபதிக்கும் தலைமை அலுவலகத்தில் இரண்டே பேருக்கும் மட்டும் தெரிந்தது. காகிதத்திலும் இல்லை, கம்ப்யூட்டரிலும் இல்லை. அவர் வாயால் ஒருமுறை, அந்த அறைக்குள் சொன்னது. அப்படியென்றால் அந்த அறையைச் சுற்றி எது காது வைத்துக்கொண்டிருந்தது? கூரையில் இருக்கிற டப்பிகள்தான். அரை நொடிக்கு மேல் வைத்துக்கொள்ளாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது யார்? ஹெப்சி.

வியாழக்கிழமை அவளை வரவழைத்தார்கள். எட்டு டப்பிகளைக் கழற்றி உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள். திங்கள்கிழமைக்குள் தவறு எங்கே என்று அவளாகக் காட்டாவிட்டால் பேச்சைத் திருடியதாகப் போலீசில் புகார் என்றார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹெப்சி டீ அறைக்கு வந்து, சுவரோரம் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கொண்டுவந்த சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"சாப்பிடு கண்ணு."

"எறங்காதுக்கா." அவள் கைவிரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முதல்ல கோவம் வந்துச்சு. என் சாமான் அப்படிச் செய்யாதுன்னு சண்டை போட்டேன். ரெண்டு நாளா மிச்ச டப்பியை ஒவ்வொண்ணா பிரிச்சுப் பார்த்தாச்சு. ஒண்ணுமில்ல. ஆனா அந்தப் பொண்ணு நம்பரைச் சொல்லிருக்காளே. அப்போ எங்கயோ ஓட்டை இருக்கத்தானே செய்யும்? நான்தான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்னு இப்ப நானே நம்ப ஆரம்பிச்சிட்டேன்க்கா. ஜெயிலுக்குப் போறதை விட அதுதான் பயமா இருக்கு. அஞ்சு வருஷம் தூங்காமப் பண்ணின சாமானாக்கும்."

பூவாத்தாள் அடுப்பை அணைத்தாள். பால் பாதி பொங்கி அடங்கியது.

வேலை போகும் என்பது அவளுக்குத் தெரிந்தே இருந்தது. இந்த வயதில் இந்தக் காதோடு இன்னொரு வேலை அவளுக்குக் கிடைக்கப்போவதில்லை. அதுகூடப் பரவாயில்லை என்று தோன்றியது. லோகநாதன் முகத்தையும், நாலு மணிக்காரியின் முகத்தையும், அப்பனைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கிற அந்தப் பையன் முகத்தையும் எப்படிப் பார்ப்பது? பத்து மாசமாக உங்கள் எல்லார் வாயையும் பார்த்துக்கொண்டுதான் டீ ஊற்றினேன் என்று சொன்னால், அப்புறம் அவள் கையால் அவர்கள் ஒரு வாய்த் தண்ணீர் குடிப்பார்களா? அவளுக்கு வீடென்று ஒன்று பேருக்குத்தான் இருந்தது. மனுஷர்கள் இருந்தது இந்த ஹாலில்தான்.

ஹெப்சி மூக்கை உறிஞ்சினாள். பூவாத்தாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "எந்திரி" என்றாள். "உன் சாமான்ல ஒரு ஓட்டையும் இல்ல. வா, சொல்றேன்."

மீன்தொட்டிக்குள் நின்று பூவாத்தாள் சொன்னதைக் கேட்டபோது சபாபதிக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. அலுப்புத்தான் வந்தது.

"பூவாத்தாம்மா, இந்தப் பொண்ணு மேல பரிதாபப்பட்டுப் பழியை ஏத்துக்கறீங்க. நல்ல மனசு. போய் வேலையைப் பாருங்க."

"பரிதாபமில்லீங்க சார். செவ்வாக்கிழமை பதினோரு மணிக்கு நீங்க சொன்னதைச் சொல்லட்டுங்களா? 'லீவுக்கு எழுதிக் குடுத்துட்டா அப்புறம் கையே வைக்க முடியாது'ன்னு சொன்னீங்க. சொல்லிட்டு மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சீங்க."

அவர் நாற்காலியில் நிமிர்ந்தார். ஹெப்சி வாயைப் பிளந்துகொண்டு பூவாத்தாளைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் இரண்டு நாளாக இல்லாத வெளிச்சம் வந்தது.

"சார், இப்பவே பார்த்திடலாம்" என்றாள். "நான் லிஃப்ட்கிட்ட போய் நின்னு எதையாவது சொல்றேன். அக்கா இங்கேயிருந்து சொல்லட்டும்."

ஹாலில் பாதி, ஒரு முப்பது அடி இருக்கும் அந்தத் தூரம். ஹெப்சி போய் நின்று, கண்ணாடியைப் பார்த்து மூச்சு விடாமல் என்னமோ சொன்னாள். பூவாத்தாள் கொஞ்சம் தயங்கினாள்.

"என்ன சொல்லுச்சு?" என்றார் சபாபதி.

"ரெண்டு நாளா சோறு தண்ணி இறங்கலைன்னு சொல்லுதுங்க."

"அவ்வளவுதானா? ரொம்ப நேரம் பேசின மாதிரி இருந்ததே."

"மீதி உங்களைப் பத்திங்க. மரியாதையா இல்ல."

சபாபதி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்று, அவர் கண்கள் எதையோ கணக்குப் போட்டன. ஹெப்சியை அங்கேயே இருக்கும்படி கையால் காட்டிவிட்டு, எதிர் நாற்காலியைப் பூவாத்தாளுக்குக் காட்டினார். அவள் அந்த அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"இதை யாரு கத்துக் குடுத்தாங்க?"

"யாரும் இல்லீங்க. சத்தந்தான். காது உதவாதுன்னு ஆயிட்டா கண்ணு அந்த வேலையத் தானா எடுத்துக்கும். தறிக்கு வர்ற புதுப் பிள்ளைங்க ஆறு மாசம் முழிக்கும். அப்புறம் அதுகளும் பேச ஆரம்பிச்சிரும்."

அவர் தலையை ஆட்டினார். அவர் நினைப்பு வேறெங்கோ இருந்தது.

"கேளுங்க. ஹெப்சி மேல புகார் இல்ல. டப்பியில ஏதோ கோளாறு, சரியாயிருச்சுன்னு முடிச்சிடறேன். மோனிஷா லீவு எடுத்துக்கட்டும், திரும்பி வரட்டும், நான் தொடமாட்டேன். நீங்களும் இனி டீ வண்டி தள்ள வேண்டாம். சூபர்வைசர்னு போட்டு ஒரு மேசை. ஹால்ல சும்மா உட்கார்ந்திருங்க. சாயங்காலம் போறப்ப ஒரு பத்து நிமிஷம் என்கிட்ட வந்து, யாரு என்ன பேசினாங்கன்னு சொல்லுங்க. யாருக்கும் தெரிய வேண்டாம்."

"மாட்டேன்னா?"

"அப்ப நீங்க இந்த ரூமுக்கே வரல. எதையும் சொல்லல. திங்கக்கிழமை நடக்கறது நடக்கும்."

சொல்லிவிட்டு அவர் பின்னால் சாய்ந்துகொண்டார். குரலை உயர்த்தவில்லை. கெட்ட மனுஷர் என்றும் சொல்ல முடியாது. கையில் கிடைத்த சாமானை எடுத்துப் பயன்படுத்துகிறவர், அவ்வளவுதான்.

பூவாத்தாள் எண்ணிப் பார்த்தாள். சரி என்றால் இரண்டு பெண்கள் பிழைப்பார்கள். ஆனால் நூற்றிருபது பேரின் கதவை இவருக்குத் திறந்து விடவேண்டும். மாட்டேன் என்றால் ஹெப்சியின் அஞ்சு வருஷம் தெருவில் கிடக்கும். அவர் முகத்தை விட்டுத் தலையைத் திருப்பிக் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

ஹாலில் ஒரு வாயும் அசையவில்லை.

பத்து மாசத்தில் அப்படி ஒரு ஹாலை அவள் பார்த்ததில்லை. ஹெட்செட் காதில் இருக்க, மறுமுனையில் யார் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்க, அத்தனை பேரும் அப்படியே உட்கார்ந்து கண்ணாடிக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலர் எழுந்தே நின்றார்கள். அந்தப் பார்வை அவளுக்குத் தெரிந்த பார்வை. கண்ணைப் பார்க்காமல், கண்ணுக்கு நாலு விரல் கீழே நிற்கிற பார்வை. தறிக்குடோனில் இருபத்திநாலு வருஷம் அவள்மேல் விழுந்துகொண்டிருந்த பார்வை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இந்த இரண்டு மூன்று மாசமாகப் பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே "அக்கா, எனக்கொண்ணு" என்கிறார்கள், அவளும் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். வரிசை தாண்டிச் சிரிக்கிறார்கள். ஜன்னலோரத்துப் பெண் கண்ணடித்தால் வாசலோரத்துப் பெண் வெட்கப்படுகிறாள். எல்லாரும் இப்படித்தானே என்று அவள் பாட்டுக்கு இருந்துவிட்டாள். சபாபதி சொன்னதில் எல்லாருக்கும் எல்லாமும் பிடிபட்டிருக்காது. ஆளுக்குப் பாதி பிடிபட்டிருக்கும். நூற்றிருபது பாதிகள் சேர்ந்தால் போதாதா?

நாலாவது வரிசையில் மோனிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் உதடுகள் மட்டும் அசைந்தன.

"என்னக்கா சொல்லப் போறீங்க?"

பூவாத்தாள் அவளுக்குப் பின்னால் லோகநாதனைத் தேடினாள். அவன் இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றான். முகத்தில் கோபமா இல்லையா என்று அவளுக்குப் புரியவில்லை. அவன் தலையை ஒரு பக்கம் சாய்த்து, "அப்ப அந்த லேப் காகிதம் பொய்யா?" என்று உதட்டால் கேட்டான். கேட்டுவிட்டுச் சிரித்தான். "அது கெடக்கட்டும். முடியாதுன்னு சொல்லுங்க."

"மாட்டேன்னுதான் சொல்லப் போறேன்" என்று பூவாத்தாளும் உதட்டால் சொன்னாள்.

"என்ன முணுமுணுக்கறீங்க?" என்றார் சபாபதி.

"மோனிஷாவும் லோகநாதன் தம்பியும் கேட்டாங்க சார். பதில் சொன்னேன்."

"யாரு கேட்டா? இங்க யாரு இருக்கா?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். அவர் திரும்பினார். பிறகு இந்தப் பக்கம் திரும்பினார். நாலு பக்கமும் கண்ணாடி, நாலு பக்கமும் முகங்கள். இந்தப் பத்து மாசமும் அவர் அமைதியான அறைக்குள் இருந்தவர். வெளியே இருந்த இரைச்சல் அவரை எட்டவே இல்லை. அந்த அலுவலகத்தில் இன்னும் காதால் மட்டும் கேட்கிறவர் அவர் ஒருவர்தான். லிஃப்ட் ஓரத்தில் நின்ற ஹெப்சி, தான் போர்த்திய போர்வையின் கீழே நூற்றிருபது பேரும் பேசாமல் பேசிக்கொள்வதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தலையில் அடித்துக்கொள்வதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள்.

வெளியே வாய்கள் அசையத் தொடங்கின. முதலில் ஒன்றிரண்டு. அப்புறம் எல்லாமே, ஒரே மாதிரி.

"என்ன சொல்றாங்க?" சபாபதியின் குரல் இறங்கியிருந்தது. "பூவாத்தாம்மா, என்ன கேக்கறாங்க இவங்க?"

"மத்த இருபத்தி மூணு பேரு யாருன்னு கேக்கறாங்க சார்."

அவர் வாயைத் திறந்தார். நாலு பக்கமும் அத்தனை கண்களும் அந்த வாய்க்கு இறங்கியதைப் பார்த்தார். சட்டென்று உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, மேசையின் குறுக்கே பூவாத்தாள் பக்கம் குனிந்து, கைக்குப் பின்னால் என்னமோ அவசர அவசரமாகச் சொன்னார்.

பூவாத்தாள் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினாள்.

"கையை எடுத்துட்டுச் சொல்லுங்க சார். எனக்குக் கேக்கலை."